ஏழு என்று நீ எழுதிய விடை

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நெடுந்தீவு வள்ளக்காரர் அதைக் குறிகட்டுவான் துறையில் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் சட்டைப் பைக்குள் வைத்தபடியே நயினாதீவுக்கு நாலு தரம் ஆட்களை ஏற்றி லோஞ்ச் ஓட்டிவிட்டுப் பின்னேரம்தான் கொண்டுவந்து தந்தார். மூன்றாம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறிக் கிடக்கிறது. ஆனாலும் வாசிக்க வேண்டியதெல்லாம் வாசித்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் உவர், அறையில் இருக்கக் கதிரை இல்லை, பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் அலுமாரி உண்டு ஆனால் பூட்டுக்குத் திறப்பு இல்லை என்று முறைப்பாட்டுப் பட்டியலே எழுதியிருக்கிறாய். கதிரை அடுத்த வள்ளத்தில் வரும். தண்ணீருக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. திறப்பை அதிபரின் மேசை லாச்சியில் தேடிப் பார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அது அங்கேதான் கிடக்கும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரசாயனத்தை வரிக்கு வரி பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள், ஆனால் வினாத்தாளில் கணக்கு என்று ஒன்று வந்தவுடன் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்குப் புத்தி வரட்டும் என்று உன் சொந்தக் கதையைச் சொன்னாயாம். ஒரு கணக்கைக் கவலையீனமாகப் பிழைவிட்டதால் ஒரு வருடம் வீணாகி, பொறியியல் படிப்பும் கைவிட்டுப் போன கதை. அந்த வரியை வாசித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். அந்தக் கதை பிழை, மகனே. நீ அந்தக் கணக்கைப் பிழைவிடவில்லை. பிழைவிட்டவள் நான். இத்தனை வருடமாக அதை உனக்குச் சொல்லவும் இல்லை. வருகிற தவணையோடு நான் ஓய்வு பெறுகிறேன். அதற்கு முன் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஒளித்துப் பிடித்து விளையாட அல்ல. அந்தப் பதிலைச் சொன்னால்தான் என் பிழை எங்கே கிடக்கிறது என்று உனக்குச் சரியாக விளங்கும்.

பிள்ளைகள் பயப்படுவது கணக்குக்கு அல்ல. நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அவர்கள் பயப்படுவது மூல் என்ற சொல்லுக்கு. அது என்னவென்று தெரியாமலே அதை வைத்துப் பெருக்கச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது? ஊர்காவற்றுறையில் என் அப்பு, உன் பாட்டன், கரைக்கு வந்து மீன் இறக்கும்போது பாரை, விளை என்றால் எண்ணித்தான் போடுவார். நெத்தலியை யாரும் எண்ணுவதில்லை, ஓலைக் கடகத்தால் அளப்பார்கள். எண்ண முடியாத அளவுக்குச் சின்னதாக இருப்பதைக் கடகத்தால்தான் அளக்க வேண்டும். மூல் என்பது அப்படியொரு கடகம், எதைப் போட்டாலும் ஒரே எண்ணிக்கை கொள்ளும் கடகம். நெத்தலிக் கடகமும் இறால் கடகமும் ஒரே நிறை நிறுக்காது; அதுபோலத்தான் ஒரு மூல் சோடியமும் ஒரு மூல் தண்ணீரும். ஒரு பாடநேரம் முழுக்க இதை மட்டும் சொல்லு. அன்றைக்குக் கணக்கு ஒன்றும் செய்யவிடாதே. மறுநாள் பேனை கீழே போகாது.

அதன்பிறகு சமன்பாடு. சமன்பாடு எழுதாமல் எண்ணில் கை வைக்கிற பிள்ளையின் கையில் மெதுவாக ஒன்று வை. எத்தனை மூல் அமிலத்துக்கு எத்தனை மூல் காரம் என்பது சமன்பாட்டில்தான் இருக்கிறது, கேள்வியில் இருக்காது. அதோடு ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அது என்ன என்று எழுதவேண்டும். கிராமா, மூலா, கன சென்ரிமீற்றரா, எதன் மூல், அமிலத்தினதா காரத்தினதா? என்னிடம் படித்த ஒருவன், நயினாதீவுப் பிள்ளை, ஒரு போத்தல் அமிலத்தை நடுநிலையாக்க நாற்பது தொன் சுண்ணாம்பு வேண்டும் என்று விடை எழுதியிருந்தான். கிராமைப் பிரிக்கிற இடத்தில் பெருக்கிவிட்டான். "நல்லது ராசா, உதை எத்தினை வள்ளத்திலை ஏத்துவாய்?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பாவின்ரை வள்ளம் காணாது ரீச்சர், மாமான்ரையையும் கேக்கவேணும்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவனுக்கு நான் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். விடை வந்ததும் பேனையை வைக்காதே, இது நடக்கக்கூடிய விடையா என்று ஒருதரம் பார் என்றேன். அந்தப் பாடத்தை வருடம் தவறாமல் எல்லா வகுப்புக்கும் சொன்னேன். அது பாதிதான் சரி என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

படிமுறையை எழுதச் சொல்லு. விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் புள்ளி கிடைக்கும். வெறும் விடையை மட்டும் எழுதி அது பிழைத்தால் பூச்சியம். திருத்துகிறவருக்கு உன் மண்டைக்குள் நடந்தது தெரியாது. இதையும் நான் முப்பது வருடமாகக் கரும்பலகையில் அடித்து அடித்துச் சொன்னவள். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கென்று கணக்குச் செய்யும்போது நான் ஒருநாளும் படிமுறை எழுதியதில்லை. மனக்கணக்குத்தான். அப்பு கடகங்களை வாயால் சொல்லச் சொல்ல, நான் கரையில் நின்றபடியே கூட்டிச் சொல்லுவேன். அதுவே பழகிப்போயிற்று. படிப்பிப்பது இரசாயனம் என்றாலும், "கணக்கு ரீச்சர் கடதாசி தொடமாட்டா" என்றுதான் எங்கள் வேலணையில் சொல்லுவார்கள். எனக்கு அது கேட்கப் பிடிக்கும். மற்றவர்களின் முன்னால் பிடிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன், ஆனால் பிடிக்கும். பரீட்சை முடிந்த பின்னேரங்களில் பெடியள் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் குசினி வாசலில் நின்று, மீன் வெட்டிக்கொண்டோ பாத்திரம் துடைத்துக்கொண்டோ, சரி பிழை சொல்லுவேன். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரும் கேள்வி கேட்டதில்லை.

நீ முதல்தரம் உயர்தரம் எழுதிய அன்றும் அப்படித்தான் நடந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் என் பக்கத்தால் அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. இரசாயனம் இரண்டாம் தாள் முடித்து நீயும் இன்னும் மூன்று பெடியளும் வந்தீர்கள். நான் விளைமீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில், அதனால் வினாத்தாளை வாங்கவில்லை. "வாசியுங்கோடா" என்றேன். ஒருவன் வாசித்தான். சலவைச் சோடாப் பளிங்கு கொஞ்சத்தைக் கரைத்து, அதில் ஒரு பங்கை எடுத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நியமித்து, அந்தப் பளிங்கில் ஒரு மூல் சோடாவோடு எத்தனை மூல் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்ன கணக்கு. அவன் பாதி வாசிக்கும்போதே நான் கையை நீட்டி நிறுத்திவிட்டேன்.

"உதுக்கென்ன கணக்கு? சலவைச் சோடாவுக்குப் பத்துத்தானே."

"நானும் பத்துத்தான் போட்டனான் ரீச்சர்" என்றான் அந்தப் பெடியன். அவன் முகம் மலர்ந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

நீ மெல்லமாகச் சொன்னாய்: "எனக்கு ஏழு வந்ததம்மா."

"ஏழோ? எந்தக் கடையிலை வாங்கினனி ஏழு தண்ணியோடை சோடா?"

பெடியள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"கணக்குச் செய்துதானம்மா வந்தது. ரண்டுதரம் பாத்தனான்."

"மூண்டாந்தரமும் பாத்திருக்கவேணும். எங்கையோ ரண்டாலை பிரிக்க மறந்திருப்பாய். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் பத்து வருகிற கணக்கடா."

நீ வினாத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய். நீ என்னோடு வாதாடியிருந்தால் நான் கையைக் கழுவிவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்திருப்பேன் என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் ஒரு சாட்டுத்தான். வீட்டில் கணக்கு ரீச்சர் சொன்னால் வாதாடக்கூடாது என்று உன்னை வளர்த்ததும் நான்தானே.

இரண்டு நாள் கழித்துப் பிரயோக கணிதம். காலையில் நீ சட்டை மாற்றி, பேனை இரண்டு எடுத்து, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய். மத்தியானம் உன்னோடு படித்தவன் ஒருவன் வந்து, நீ பரீட்சை மண்டபத்துக்கே வரவில்லை என்றான். நான் ரோட்டால் ஓடினேன், எங்கே என்று தெரியாமலே ஓடினேன். பின்னேரம் அப்பாதான் சாட்டிக் கடற்கரையில் உன்னைக் கண்டுபிடித்தார். துறையில் யாரோ சொல்ல, லோஞ்சை மற்றவரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். நீ மணலில் இருந்தாயாம், காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல். "இரசாயனம் போச்சுதப்பா. பாடமாக்கின கணக்கையே பிழைவிட்டவன் உதை எழுதி என்ன?" என்றாயாம். அவர் ஒன்றும் ஏசாமல் உன்னோடு இருட்டும் வரைக்கும் இருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஏசினது நான். ஒரு கேள்வி பிழைத்ததற்கு ஒரு பாடத்தையே விட்டுவிடுவதா, உனக்கு நெஞ்சுரம் இல்லையா என்று கத்தினேன்.

பெறுபேறு வந்தபோது, நீ தேறிய பாடங்களில் இரசாயனத்தில்தான் உனக்கு மிக நல்ல சித்தி. பத்துப் போட்ட பெடியன் சாதாரண சித்தியோடு நின்றான். "ஒரு கேள்வி முழுசாப் பிழைச்சும் உவ்வளவு வந்திருக்குதே" என்று நீ ஆச்சரியப்பட்டாய். நீ வெளியே போன பிறகு உன் புத்தகங்களுக்குள் அந்த வினாத்தாளைத் தேடி எடுத்தேன். மேசையில் வைத்து முதல்முறையாக என் கண்ணால் வாசித்தேன். முதல் வரியில் எழுதியிருந்தது: பல நாள் காற்றில் திறந்து வைக்கப்பட்டிருந்த சலவைச் சோடாப் பளிங்கு. அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பெடியன் இதை வாசித்தபோது நான் காதில் வாங்கவே இல்லை. மிச்சத்தை வாசிக்க வேண்டியிருக்கவே இல்லை. நான் தலையை நிமிர்த்தினேன். எதிரே குசினி யன்னலில் எங்கள் சோடாத் தகரம் இருந்தது, மூடி தொலைந்து எத்தனையோ மாதமான தகரம். கடையில் வாங்கும்போது கற்கண்டுபோல் மினுங்கிய பளிங்கெல்லாம் சோளகக் காற்றுப் பட்டுப் பட்டு வெள்ளைப் பொடியாகிக் கிடந்தது. நான் ஒவ்வொரு கிழமையும் அதில் கைபோட்டு அள்ளித்தான் உடுப்பு அவித்தேன். காற்றில் வைத்தால் சோடா தண்ணீரை விட்டுவிடும் என்று வகுப்பில் படிப்பித்ததும் நான்தான். பத்தில் மூன்று போய் ஏழு மிச்சம். நீ தாளில் கண்டுபிடித்ததை நான் என் யன்னலில் வைத்துக்கொண்டே காணவில்லை.

அதனால்தான் மேலே சொன்னேன், நான் படிப்பித்தது பாதிதான் சரி என்று. விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் விசயம். நாற்பது தொன் எழுதியவன் தன் விடையை உலகத்தோடு ஒப்பிட்டிருந்தால் தப்பியிருப்பான். நான் உன் விடையை ஒப்பிட்டது என் ஞாபகத்தோடு. பாடமாக்கினது சொன்ன விடையும் கணக்குச் சொன்ன விடையும் வேறாக இருந்தால், உடனே கணக்கை வெட்டாதே. கேள்வியின் முதல் வரிக்குத் திரும்பிப் போ. எண்கள் எல்லாம் கடைசி வரிகளில் இருக்கும், பிள்ளைகள் அங்கேதான் பாய்வார்கள். இரசாயனம் முதல் வரியில் இருக்கும். இதை உன் வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர், "இருவது வருசமா உந்தக் கடல் வாய்க்காலாலை ஓடுறன், இண்டைக்கும் கோலாலை ஆழம் பாத்துத்தான் விடுறன். மணல் அண்டைக்கண்டைக்கு மாறும். தெரிஞ்ச வழியெண்டு நீர் பாக்காமல் விட்டிட்டீர்" என்றார். பிறகு, "பிள்ளைக்குச் சொல்லிப்போடும்" என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோவன்."

"எனக்கு ஏலாது. நான் சொன்னால் அது உம்மைக் காட்டிக்குடுத்த மாதிரிப் போகும். நீர்தான் சொல்லவேணும்."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தபோது நீ மறுபடி படிக்கத் தொடங்கியிருந்தாய்; மனதைக் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அடுத்த வருடம் நீ எழுதி முடிப்பதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். முதல் வருடம் போதும் என்றிருந்த புள்ளி இரண்டாம் வருடம் போதாமல் போயிற்று. பொறியியல் போய் விஞ்ஞானம் கிடைத்தது. இனிச் சொல்லி என்ன பயன், கிடைத்ததையும் வெறுத்துப்போவான் என்று அடுத்த காரணம். மாதம் ஒருதரம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். அங்கேயும் இதைச் சொல்லவில்லை. கணக்குப் பிழைவிடுவது பாவம் இல்லைத்தானே என்று சாமியாருக்குப் பதிலாக நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்கக் கணக்கு ரீச்சர் என்று சொல்லும்போது, என் சொந்தப் பிள்ளையின் சரியான விடையை நான் பிழை என்று சொல்லி அவன் ஒரு வருடத்தைக் கெடுத்தேன் என்று யார் வாயிலும் வரக்கூடாது என்று நினைத்தேன். உன்னைவிட அந்தப் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. எழுதிவிட்டேன், இனி வெட்டமாட்டேன்.

பொறியியல் போனதால்தானே நீ நல்ல மாஸ்ரராக வந்திருக்கிறாய் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் போவதில்லை. நீ நல்ல மாஸ்ரர்தான், உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது உன் கெட்டித்தனம். உன்னிடமிருந்து நான் எடுத்தது எடுத்ததுதான். நீ கோபப்படு. பள்ளி விடுமுறைக்கு வந்து நேரே என்னைக் கேள். அல்லது கொஞ்ச நாள் கடிதம் போடாமல் இருந்தாலும் எனக்கு விளங்கும். அப்பாவுக்கு மட்டும் எழுது, அவர் கடலில் திரிகிற மனிதர், சேதி இல்லாவிட்டால் கலங்கிப்போவார். ஆனால் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கதையை இனி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. தன்னில் நம்பிக்கை இல்லாமல் சரியான விடையை வெட்டிவிட்டுப் பிழையை எழுதுகிற பிள்ளைகளைத்தான் அந்தக் கதை உண்டாக்கும். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. என் பெயரைச் சொல்லியே வாசி. நான் ஒளிக்க வேண்டிய ஆட்கள் இனி யாரும் இல்லை.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்த வினாத்தாள், அப்போதிலிருந்து என் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. மற்றது, நேற்றுப் பின்னேரம் நான் மேசையில் இருந்து செய்த கணக்கு. அப்பா எதிரே இருந்து பார்த்தார், சாட்சிக்கு. முதல் வரியில் காற்றில் திறந்து வைத்த சோடா என்று எழுதி அடிக்கோடு இட்டேன். சமன்பாடு எழுதினேன். ஒரு மூல் சோடாவுக்கு இரண்டு மூல் அமிலம். பிறகு ஒவ்வொரு வரியாக: விட்ட அமிலம் 0.005 மூல், குடுவையிலிருந்து எடுத்த பங்கில் சோடா அதில் பாதி, 0.0025 மூல், முழுக் குடுவையில் அதன் பத்து மடங்கு, 0.025 மூல், கரைத்த பளிங்கு 5.80 கிராம், ஆகவே ஒரு மூல் 232 கிராம். அதில் சோடா 106, மிச்சம் தண்ணீர் 126 கிராம். ஒரு மூல் தண்ணீர் 18 கிராம். மனதில் விடை வந்துகொண்டே இருந்தது, ஆனாலும் ஒரு வரியும் விடவில்லை. முழுப் பக்கம் பிடித்தது. நான் என் வாழ்நாளில் எனக்கென்று முழுவதும் எழுதிச் செய்த முதல் கணக்கு இது. கடைசி வரியில் ஏழு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பு, மகனே. பிந்திக் கொடுத்த தாள் என்று புள்ளி குறைத்தாலும் நான் வாதாடமாட்டேன்.

அம்மா